ஐந்துக்கு மேல் இடமில்லை

எனக்குச் சம்பளம் கொடுப்பதே முடியாது என்று சொல்வதற்குத்தான். குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் நடுவே ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஃபேக்டரிக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களின் பச்சை இலையை ஏஜென்டுகள் வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், நாங்கள் வாங்கித் தூளாக்குவோம். காலையில் நான் ஃபோனை எடுத்து ஒவ்வொரு ஏஜென்டுக்கும் இன்றைக்கு எத்தனை கிலோ கொண்டு வரலாம் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கோட்டா என்று பேர். சொன்னதற்கு மேல் ஒரு மூட்டை வந்தாலும் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவதும் என் வேலைதான்.

காரணம் இல்லாமல் இல்லை. வந்த இலையை உடனே வாடப்போட வேண்டும். அதற்கென்று கீழிருந்து காற்றடிக்கும் நீளமான தொட்டிகள் உண்டு. இருக்கிற தொட்டி இவ்வளவுதான். மீறிக் கொட்டினால் அடியில் இருக்கும் இலை சூடேறிச் சிவந்து போகும், அது மேலே இருப்பதையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அந்தத் தூளை ஏலத்தில் ஒருவரும் சீண்ட மாட்டார்கள்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். பத்து ஏஜென்டுகள் பத்துத் திசையிலிருந்து வருகிறார்களே, ஒருவருக்குக் குறைந்தால் இன்னொருவருக்குக் கூடும், மொத்தத்தில் தானாகவே சரியாகிவிடாதா என்று. ஆகாது. கேத்திப் பக்கத்து மழையும் கோத்தகிரிப் பக்கத்து மழையும் ஒரே வாரத்தில்தான் பெய்கின்றன. பிறகு வெயிலும் ஒரே வாரத்தில்தான் அடிக்கிறது. பத்துத் தோட்டமும் ஒரே நாளில் துளிர்க்கும், பத்து வேனும் ஒரே நாளில் கேட்டில் நிற்கும். ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வைத்தால் போதாது, எல்லாருக்கும் சேர்த்து இவ்வளவு என்று ஒரு அளவு வேண்டும். இதை நான் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. விளக்கும்போது குரலில் ஒரு மிதப்பு வேறு இருக்கும்.

ஏஜென்டுகளில் ஒருவர் எனக்கு அண்ணன் வயது. மற்றவர்கள் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள், இவர் இரண்டையும் முகத்துக்கு நேரே செய்வார். ஒரு வருஷம் இலை கொட்டிக் கிடந்த சமயத்தில், கோட்டாவுக்கு மேல் ஒன்பது மூட்டையோடு மழையில் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டுமுங்க. பறிச்சது பறிச்சாச்சு, இதைக் கொண்டுட்டுப் போயி நான் என்ன பண்றது?"

"இடமில்லீங்ணா."

"ஒரு ஓரமாக் கொட்டிக்கிறனுங்க."

"ஓரத்துலயும் இடமில்லீங்ணா."

வேனைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், அடுத்த வளைவில் ரோட்டோரச் சரிவில் ஒன்பது மூட்டை இலையும் கொட்டிக் கிடந்தது, கருத்துப் போய். யார் யாரோ நாள் முழுக்கக் குனிந்து பறித்தது. எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. விதி விதிதான் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். கறாரான ஆள் என்று பேர் வாங்குவதில் எனக்கு அப்போது ஒரு ருசி இருந்தது.

அந்தக் கறாரான ஆளாகிய நான்தான் வீட்டில் நாலு கம்ப்யூட்டர் புரோகிராம் வைத்திருந்தேன்.

கொரோனா சமயத்தில் ஃபேக்டரி மூடிக் கிடந்தபோது கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதப் பழகினேன். வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். பிறகு கரன்சி மார்க்கெட்டுக்கு வந்தேன். ஷேரில் ஆயிரம் கம்பெனியைப் படிக்க வேண்டும், இதில் நாலே நாலு நாணயம், படித்துவிடலாம் என்று ஒரு தைரியம். டாலர், யூரோ, பவுண்டு, யென். ரூபாய்க்கு எதிராக இவற்றை எடுப்பது, அதாவது வாங்குவது, விலை ஏறினால் கொடுப்பது. எடுத்ததைக் கொடுத்து முடிக்கும்வரை அது ஒரு பொசிஷன். முழு விலையையும் கட்ட வேண்டியதில்லை, ஒரு பங்கை ஈடாக வைத்தால் போதும். அதனால் கிடைத்தாலும் பெரிதாகக் கிடைக்கும், போனாலும் பெரிதாகப் போகும்.

நான் ஆபீஸில் இருக்கும் நேரத்தில்தான் மார்க்கெட் நடக்கும் என்பதால், எடுப்பதையும் கொடுப்பதையும் புரோகிராமே பார்த்துக்கொள்ளும்படி எழுதினேன். நாணயத்துக்கு ஒன்றாக நாலு. நாலுக்கும் நாலு விதமான புத்தி வைத்தேன். ஒன்று ஏறுகிற விலையின் பின்னால் ஓடும். இன்னொன்று விலை இறங்கட்டும் என்று காத்திருந்து வாங்கும். மூன்றாவது காலை முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் பார்க்கும். நாலாவது ஒரு வாரத்து விலையைச் சேர்த்து வைத்துப் பார்த்து முடிவு செய்யும். நாலுக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. எல்லாவற்றுக்கும் விலை ஏறும் என்று வாங்கத்தான் தெரியும், இறங்கும் என்று பந்தயம் கட்டத் தெரியாது. நம் ரூபாய் எங்கே ஏறப்போகிறது, நாளுக்கு நாள் தேயத்தானே போகிறது என்று ஒரு நினைப்பு எனக்கு.

பழைய லேப்டாப் ஒன்று அரிசி டின்னுக்குப் பக்கத்தில், சுவரோரம் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு பேட்டரிப் பெட்டி. என் மனைவிக்கு அதைப் பார்த்தாலே கிண்டல்தான். அவள் டவுனில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள், வர்க்கியைப் பொட்டலம் கட்டும் இடத்தில். காலை எட்டு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் சாயங்காலம் ஐந்துவரை நின்றபடிதான் வேலை.

"ஏனுங்க, உங்க நாலு பேரும் சாப்பிட்டாங்களா?" என்பாள், மாலையில் உள்ளே வந்ததும் லேப்டாப்பைக் காட்டி. "நான் நின்னு சம்பாரிக்கிறேன், அவுங்க உக்காந்தே சம்பாரிக்கிறாங்க. கொடுத்து வெச்சவங்க."

அப்போது அதில் இருந்தது கைக்காசு மாதிரிச் சின்னத் தொகை. ஆரம்பத்தில் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒவ்வொரு புரோகிராமும் அதிகபட்சம் மூன்று பொசிஷன் வைத்துக்கொள்ளலாம். ஒரு பொசிஷன் தோற்றால் கணக்கிலிருந்து நூற்றுக்கு ஐந்து போகும், அதோடு புரோகிராமே வெட்டிவிட்டு வெளியே வந்துவிடும். இதற்கெல்லாம் மேலே ஒரு வரி எழுதியிருந்தேன். நாலும் சேர்ந்து எந்த நேரத்திலும் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. எந்தப் புரோகிராமாவது ஆறாவதை எடுக்கப் பார்த்தால், அன்றைய குறிப்பில் "இடமில்லை" என்று ஒரு வார்த்தை விழும், அத்தோடு சரி. தொட்டியைப் பார்த்து எழுதிய வரிதான் அது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் தொழில் எனக்குச் சொல்லித்தந்தது.

இப்போது படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு ரோட்டிலிருந்து நூற்றுப் பதினெட்டுப் படி கீழே இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அதை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறியவள். நாற்பத்தைந்து வயதில் இரண்டு முட்டியும் போய்விட்டது. நாற்பதாவது படியில் ஒருமுறை, எண்பதில் ஒருமுறை நிற்பாள். நிற்கும்போது பக்கத்து வீட்டுச் செடியைப் பார்ப்பதுபோல் ஒரு பாவனை செய்வாள். மழைக்காலத்தில் படியில் பாசி பிடித்துவிட்டால் பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியாகக் காலை வைத்து ஏறுவாள். கோயம்புத்தூரில் காட்டியதற்கு டாக்டர் சொன்ன மருந்தில் முதல் மருந்தே படி ஏறாதீர்கள் என்பதுதான். அதைக் கேட்டுவிட்டு வந்து அன்றே நூற்றுப் பதினெட்டுப் படியும் இறங்கினாள்.

அந்த ஏஜென்டுக்கு, ஒன்பது மூட்டையோடு நான் திருப்பி அனுப்பினேனே அவருக்கு, மெயின் ரோட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு இருந்தது. ரோட்டிலிருந்து ஒரே ஒரு படி. உள்ளே குடியிருந்தவர்கள் இரண்டு மாதத்தில் காலி செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரிடம் கேட்டேன். போக்கியத்துக்குத் தருவதாகச் சொன்னார். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் ஐந்து வருஷம் வாடகையில்லாமல் இருக்கலாம், போகும்போது தொகை திரும்பி வரும். பழைய கதையை அவர் எடுக்கவே இல்லை.

"உங்க ஊட்டம்மா படியில நிக்கறதை நானும் பாத்துட்டுத்தான் இருக்கறனுங்க. வேற யாருக்கும் சொல்லலை. ஆடி முடிஞ்சதும் வந்துருங்க" என்றார்.

தொகை எங்களிடம் தயாராக இருந்தது. அவள் பதினோரு வருஷம் கட்டிய சீட்டு, என் பி.எஃப்.இல் எடுத்த முன்பணம், இரண்டும் சேர்த்து என் பெயரில் பேங்கில் கிடந்தது. இரண்டு மாதம் சும்மா கிடக்கும்.

சும்மா கிடக்கும் என்ற அந்த எண்ணம்தான் என்னைக் கெடுத்தது. சும்மா கிடப்பது பணத்துக்கு நல்லது என்று இப்போது தெரிகிறது. அப்போது, இரண்டு மாதம் நம் நாலு பேரிடம் விட்டால் வீட்டுக்குப் போகும்போது ஒரு புதுக் கட்டிலோடு போகலாமே என்று தோன்றிவிட்டது. நிஜமாகவே கட்டில்தான். தரையில் உட்கார்ந்து எழ அவளுக்குக் கஷ்டம், பாய்ப் படுக்கை போதும் என்று பிடிவாதமாக இருந்தாள். அவளிடம் சொல்லாமல் மொத்தத்தையும் மார்க்கெட் கணக்குக்கு மாற்றினேன். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

முதல் மாதம் நன்றாகவே போனது. ஐந்து இடத்துக்குள் வாங்கி விற்று, மெதுவாக ஏறியது. கட்டிலுக்கு வேண்டியது ஏறக்குறைய வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குப் பழக்கம், சாயங்காலம் குறிப்பைத் திறந்து என்னென்ன நடந்தது என்று படிப்பது. அதில் "இடமில்லை" என்று விழுந்த வரிகளை எண்ண ஆரம்பித்தேன். இடமில்லை என்று விட்டதெல்லாம் எடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று தனியாக ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஏறுகிற மாதம் அது, எடுத்திருந்தால் எல்லாமே லாபம்தான். பவுண்டு ஒரு நாளில் மூன்று தடவை வந்து கதவைத் தட்டியிருக்கிறது, மூன்று தடவையும் என் வரி அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. நான் எழுதிய வரி என் கையையே கட்டிப்போட்டிருக்கிறதே என்று கோபம் வந்தது.

ஒரு புதன்கிழமை, ஆபீஸில் மதியம் டீ குடிக்கும் நேரத்தில், ஃபோனிலிருந்தே வீட்டு லேப்டாப்புக்குள் போய் அந்த வரியை அழித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தனித்தனியாக மூன்று என்ற அளவுதான் இருக்கிறதே, போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே மேஜையில்தான் அன்று காலையும் ஏழு ஏஜென்டுகளுக்கு இடமில்லை என்று சொல்லியிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் அரிசி எடுக்க வந்தவள் திரையைப் பார்த்தாள். மேலே பெரிதாக ஒரு எண் தெரியும், மொத்தம் எத்தனை பொசிஷன் திறந்திருக்கிறது என்று.

"அஞ்சுக்கு மேல போவாதுன்னு சொன்னீங்க. எட்டுன்னு காட்டுது?"

"அதெல்லாம் மாத்தியாச்சு. உனக்குப் புரியாது, விடு."

"ஃபேக்டரியில அத்தனை பேருக்கும் கோட்டா போடறீங்களே. இதுகளுக்கு வேண்டாமுங்களா?"

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு விளக்க வேறு செய்தேன். இலை வேறு, நாணயம் வேறு. இவை நாலும் நாலு தேசத்துப் பணம். இங்கிலாந்தில் நடப்பது ஜப்பானுக்கு ஒட்டாது. ஒன்று விழுந்தால் ஒன்று தூக்கிவிடும். நாலுக்கும் நாலு புத்தி. இப்படியே ஒரு பத்து நிமிஷம். அவள் அரிசி அளந்த படியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை நின்று கேட்டாள். முட்டி வலியோடு நின்று கேட்டாள் என்பதுகூட எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நாலு தேசத்துப் பணம் என்பது சரிதான். ஆனால் நாலையும் நான் எதைக் கொடுத்து எடுத்தேன்? ரூபாயைக் கொடுத்து. நாலு புரோகிராமும் நாலு வழியில் யோசித்துக் கடைசியில் ஒரே பந்தயத்தைத்தான் கட்டின. ரூபாய் இறங்கும் என்ற பந்தயம். ரூபாய் ஏறினால் நாலும் ஒரே நிமிஷத்தில் தோற்கும். பத்துத் தோட்டத்துக்கும் மழை ஒன்றுதான் என்று புதிய ஆட்களுக்கெல்லாம் பாடம் எடுத்த வாய் இது. என் மனைவிக்குப் புரோகிராம் தெரியாது, கரன்சி தெரியாது. ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அன்று நான் அவளிடம் காட்டிய அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மார்க்கெட் முடிந்தபோது எண் பன்னிரண்டைக் காட்டியது. நாலு பேரும் ஆளுக்கு மூன்று. எல்லா இடமும் நிறைந்துவிட்டது. எனக்குப் பயம் வரவில்லை. தொட்டி நிறைந்த ஃபேக்டரியைப் பார்க்கும் முதலாளிபோல ஒரு திருப்திதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, குடியிருந்தவர்கள் பாதிச் சாமானை ஏற்றிவிட்டார்கள் என்று ஏஜென்ட் ஃபோன் செய்தார், இருவரும் போய் வீட்டைப் பார்த்தோம். அவள் அந்த ஒரே படியில் ஏறி உள்ளே போனாள். மறுபடி வெளியே வந்து, மறுபடி ஏறினாள். ஏன் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா ஏறிப் பாத்தேன்."

சமையலறையில் கேஸ் அடுப்பு எங்கே வரும், ஈரத்துணி எங்கே காயப்போடலாம் என்று சுற்றிச் சுற்றி வந்தாள். ஜன்னலுக்கு நேரே பஸ் நிற்கும் இடம். காலையில் பஸ்ஸின் சத்தம் கேட்ட பிறகு புறப்பட்டாலே போதும் என்று சொல்லிச் சிரித்தாள். சுவருக்குப் பெயின்ட் அவளே செலவு செய்து அடிப்பதாக ஏஜென்டிடம் ஒப்புக்கொண்டாள். வெளிர் பச்சை. கட்டிலை எங்கே போடலாம் என்று நான் மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளில் ரூபாயைப் பற்றி ஏதோ ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் விடுமுறை நாளில் எதையும் விற்க முடியாது. நாங்கள் பெயின்டின் நிறத்தைப் பேசிக்கொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது, திங்கட்கிழமை காலை மார்க்கெட் திறப்பதுதான் பாக்கி.

திங்கட்கிழமை இலை கொட்டோ கொட்டென்று கொட்டிய நாள். இரண்டு வாரம் மழை, மூன்று நாள் வெயில். கேட்டில் வேன்கள் வரிசை கட்டி நின்றன. நான் இரண்டு கையிலும் ஃபோனை வைத்துக்கொண்டு இடமில்லை, இடமில்லை என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி தாண்டியதும் சட்டைப் பையில் என் சொந்த ஃபோன் அதிர்ந்தது. புரோகிராம் ஒரு பொசிஷனை முடித்தால் அப்படி அதிரும். சரி, ஒரு லாபம் என்று நினைத்தேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடி. பேச்சை நிறுத்தாமலே மனசுக்குள் எண்ணினேன், மூன்று, நாலு, ஐந்து. சந்தோஷமாகத்தான் எண்ணினேன். ஒன்பதாவது அதிர்வில் ஏதோ சரியில்லை என்று பட்டது. ஏஜென்ட் லைனில் இருக்கும்போதே அந்த ஃபோனை மேஜை மேல் வைத்துவிட்டு என் ஃபோனை எடுத்துப் பார்த்தேன்.

ரூபாய் திறக்கும்போதே ஏறித் திறந்திருந்தது. டாலர், யூரோ, பவுண்டு, யென் நாலும் ரூபாய்க்கு எதிராகச் சரிந்திருந்தன. என் புரோகிராம்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்னபடி ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வெளியே வந்தன. ஒன்றுக்கு நூற்றுக்கு ஐந்து, பெரிய அடி இல்லை. பன்னிரண்டு தடவை நூற்றுக்கு ஐந்து. நான் வைத்த எல்லைக்கும் கீழே போய்த் திறந்ததால் ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் கூடப் போனது. நான் பார்த்து முடிப்பதற்குள் மீதி மூன்றும் அதிர்ந்து ஓய்ந்தன. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

மேஜை மேல் இருந்த ஃபோனில் அந்த ஏஜென்ட் இன்னும் காத்திருந்தார். "சார், இருக்கறீங்களா? இன்னும் ரெண்டு மூட்டை கொண்டாரட்டுமுங்களா?" என்றது குரல். கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். என் சர்வீஸில் கோட்டாவுக்கு மேல் நானாகச் சொன்னது அந்த இரண்டு மூட்டைதான்.

மதியம் ஃபோனிலிருந்தே வீட்டு லேப்டாப்புக்குள் போய், அழித்த வரியை மறுபடி எழுதினேன். ஐந்துக்கு மேல் இடமில்லை. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி எதைக் காப்பாற்ற அது?

வீட்டுக்கார ஏஜென்டிடம்தான் முதலில் சொன்னேன், அவளிடம் சொல்லத் தைரியம் வராமல். ஏதோ பேங்கில் சிக்கல் என்று ஆரம்பித்து, பாதியில் நிஜத்தைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்பது மூட்டையை ஞாபகப்படுத்துவார், நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு ஆசைகூட இருந்தது. அவர் வேனின் டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாதிப் பணம் கொடுங்க, மீதியைப் பொறவு பாத்துக்கலாமுன்னு சொல்றதுக்கு எனக்கும் ஆசைதானுங்க. புள்ளைக்குக் காலேஜுக்குக் கட்டறதுக்குத்தான் போக்கியத்துக்கே விடறேன். ஒரு மாசம் பொறுக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாதுங்க சார்."

ஒரு மாதம் பொறுத்தார், அதற்கு மேல் பத்து நாளும் பொறுத்தார். கேட்ட இடத்திலெல்லாம் கேட்டேன். கிடைத்தது போதவில்லை. பிறகு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவருடைய குடும்பம் அந்த வீட்டுக்கு வந்தது.

அவளிடம் சொன்னதைத்தான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமையே, ஏஜென்டைப் பார்த்துவிட்டு வந்து, அவள் வேலை முடிந்து படி இறங்கி உள்ளே வந்து உட்கார்ந்ததும் சொன்னேன். சீட்டுப் பணத்தை எடுத்தது, சொல்லாமல் மாற்றியது, எல்லாம். அவள் அழவில்லை. முட்டிக்குத் தடவும் தைலத்தின் மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அஞ்சோட நிறுத்தியிருந்தீங்கன்னா ஊடு கெடச்சிருக்குமுங்களா?"

கிடைத்திருக்கும். ஐந்து பொசிஷனும் தோற்றிருந்தாலும் முக்கால்வாசிப் பணம் மிஞ்சியிருக்கும். மீதிக்கு ஃபேக்டரியில் முன்பணம் கேட்டிருக்கலாம், அவள் அண்ணனிடம் கேட்டிருக்கலாம். மதியம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் போட்டு முடித்த கணக்கு அது.

"இல்ல கண்ணு," என்றேன். "அஞ்சா இருந்தாலும் போயிருக்கும். மார்க்கெட் அப்படி அடிச்சுது."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்ததை நான் பார்த்தேன். "அப்பச் சரி, விடுங்க. நம்ம கையில என்ன இருக்குது" என்று எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் மனசு ஆறட்டும் என்று சொன்ன பொய் என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இல்லை. அந்தக் கேள்வியை அவள்தானே முன்பே கேட்டாள், அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு. அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

லேப்டாப்பைச் சுவரோரத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது வெங்காயக் கூடை இருக்கிறது. காலையில் கோட்டா சொல்லும் வேலை அப்படியே நடக்கிறது. புதிதாக வரும் ஆட்களுக்குத் தொட்டியைப் பற்றிப் பாடம் எடுப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

போன வாரம் இருவரும் சந்தையிலிருந்து வந்தோம். அரிசிப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் இறங்கினேன். படியில் ஈரம், அவள் பக்கவாட்டாகத் திரும்பி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொன்றாக இறங்கினாள். எண்பதாவது படியருகே குடியிருக்கும் அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ரோட்டு மேல ஊடு பாத்தீங்களே, என்னாச்சு? இந்த முட்டியை வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான்?"

அவள் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, என்னை விட்டுக்கொடுக்காத குரலில் சொன்னாள்.

"அது எப்படியும் போறதுதானுங்க. இவரு என்ன பண்ணுவாரு, பாவம்."

எனக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு படிதான் இருந்தது. தோளிலிருந்த பையை இறக்கி வைத்துவிட்டு அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் அடுத்த படியில் காலை வைத்தாள். நானும் பின்னாலேயே இறங்கினேன்.